எங்கே போகிறது என்று கேட்ட மிஸ்

கொச்சிக்கடைக் கிட்டங்கிகளில் மூட்டை சுமந்த தோள் என்னுடையது. அந்தத் தோளை மட்டும் முதலாகப் போட்டு நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தெமட்டகொடை ரயில் யார்டில் கழித்துப் போட்ட டிரான்ஸ்ஃபோமர் ஒன்றை ஏலத்தில் எடுத்து, ஆளுயரத்துக்கு ஒரு ரெக்டிஃபயர் கட்டினேன். வீட்டுக்கு வருகிற கரண்டை முலாம் பூசுவதற்கு ஏற்ற கரண்டாக மாற்றுகிற பெட்டி அது. பார்க்க வந்த எஞ்சினியர் தொடுவதற்கே பயந்தார். கொட்டாஞ்சேனையில் ஒரு சந்துக்குள் முலாம் பட்டறை கட்டினேன். கோயில் திருவாசியும் மாதா கோயில் மெழுகுவர்த்தித் தண்டும் என் ஒரே தொட்டியில் குளித்துப் பளபளத்துப் போயிருக்கின்றன; எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளவில்லை. கரண்ட் வெட்டு நடந்த காலத்தில் பழைய பஸ் பட்டரிகளை வரிசையாக இணைத்து, தெருவே இருண்டு கிடந்தபோதும் என் தொட்டியை ஓட விட்டேன். இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்து விமானம் ஏற்றினேன். ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். யாரும் கை கொடுக்கவில்லை.

கடைசியாகக் கட்டியது ஒரு கண்ணாடித் தொட்டி. கறுவாப் பட்டை அமிலத்தின் வாலைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் புரோமீனை உட்கார வைக்கிற தொட்டி. உலகத்துக்குக் கேடில்லாத புதிய முறை என்று அதைப் பற்றி இப்போது ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வந்திருக்கிறது. அதில் என் பெயர் இல்லை. நன்றி சொல்லும் இடத்தில் "ஒரு உள்ளூர்ப் பட்டறை" என்று போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கணக்குக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் மிஸ்ஸைப் பற்றி எழுத வேண்டும். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. பட்டறையில் எல்லோருக்கும் அவர் மிஸ்தான்.

முதல் நாள் பச்சை நிறப் பிளாஸ்டிக் கூடையோடு வந்து நின்றார். ஐம்பது தாண்டிய யாழ்ப்பாணத்து அம்மா. பருத்திச் சேலை, ஆம்பிளைக் கைக்கடிகாரம். கூடைக்குள் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஜாம் போத்தல். போத்தலில் மஞ்சள் கலந்த வெள்ளைச் சேறு.

"இதுக்குள்ள வெள்ளி இருக்கு. எடுத்துத் தருவீங்களோ?"

"வெள்ளி எங்க ஒளிஞ்சிருந்தாலும் நான் எடுப்பேன் மிஸ். வச்சிட்டுப் போங்க."

அவர் போகவில்லை. குனிந்து என் தொட்டியின் அடிக்குழாயைப் பார்த்தார்.

"இந்தத் தண்ணி எங்க போகுது?"

"தெருக் கானுக்குள்ளதாங்க."

"கான் எங்க போகுது?"

"கடலுக்கு."

"கடலுக்குப் போய்?"

"கடலுக்குப் போனா விஷயம் முடிஞ்சிச்சே மிஸ்."

"எங்க முடியுது? அங்க இருந்துதானே முதலாளி எனக்கு மீன் வருது?"

என்னோடு வேலை செய்த சுனில், "முதலாளி இவராய்" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான். முதலாளியின் கதை முடிந்தது என்று அர்த்தம். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் போத்தலைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். ஆனால் வெள்ளியாயிற்றே, வைத்துக்கொண்டேன். அடுத்த முறை வந்தபோதும் அதே கேள்வி. அதற்கடுத்த முறையும் அதே. இந்த வாயை அடைக்க வேறு வழியில்லை என்று, கழிவுத் தண்ணீரைத் தெளியவைத்து அடியில் தங்கும் உலோகத்தைத் தனியாக எடுக்கிற தொட்டி ஒன்றைக் கட்டினேன். பிறகு சோதனைக்கு வந்த அதிகாரி அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். மேலே சொன்ன பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு கேள்விதான் மிஸ். வேறு எப்படி அவரைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பிளேன் டீ கொடுத்தால் குடித்துவிட்டு, "சாயம் ஊத்தின தேயிலைத் தூள் எங்க போகுது?" என்பார். தோடம்பழம் தின்றால் தோலைத் திரும்பக் கூடைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார். சந்தில் ஒரு பூனை சில நாள் தென்படாவிட்டால் நாலு வீட்டுக் கதவைத் தட்டி விசாரிப்பார். அந்தப் பூனை யாருடையது என்று அதுவரை சந்தில் எவருக்கும் தெரியாது.

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடி வீட்டில் தனியாக இருந்தார். பட்டரி ஒன்று கொண்டுபோய்க் கொடுக்க ஒருநாள் நான் போனேன். இரண்டு கதிரை. ஒன்றில் புத்தகங்கள் உட்கார்ந்திருந்தன. எனக்காகப் புத்தகங்களை எடுத்துக் கட்டிலில் வைத்தார். அந்தக் கதிரையில் ஆள் உட்கார்ந்து எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை. அதன் மேல் படிந்திருந்த தூசி பதில் சொன்னது. ரயில் போனால் ஜன்னல் அதிரும். ரயில் போய்விட்டால் அந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. என் வீடும் மனைவி கண்ணை மூடிய பிறகு அப்படித்தான். ஆனால் என் பக்கம் ரயில்கூட இல்லை.

அவர் வேலை செய்தது இரத்மலானைப் பக்கம் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில். மாதாமாதம் சேறு கொண்டு வருகிறாரே என்று ஒருநாள் கேட்டேன்.

"என்னாதான் மிஸ் செய்றீங்க அங்க?"

மேசையில் சிந்தியிருந்த தண்ணீரில் விரலைத் தொட்டு ஒரு கோடு இழுத்தார்.

"கறுவாவில இருந்து ஒரு அமிலம் வருது. அதுக்கு இப்பிடி ஒரு வால். காபொட்சிலிக் எண்டு பேர். இந்த வாலைக் கழட்டிப்போட்டு, அதே இடத்தில புரோமீனை இருத்தினா, குளிக்கிற சவர்க்காரத்துக்குப் போடுற பூ வாசம் வரும். புரோமீன், குளோரீன், அயடீன் எல்லாம் ஒரு குடும்பம். பள்ளிக்கூடத்தில அலசன் எண்டு படிப்பிப்பம்."

"அதுக்கு எதுக்கு வெள்ளி?"

"பழைய முறை அது. வெள்ளி இல்லாட்டி வால் கழலாது. புரோமீனைத் திரவமா ஊத்தோணும். ஆவி பட்டா நெஞ்சு எரியும். கரைக்கிறதுக்கு எடுக்கிற திரவம் ஈரலைத் தின்னும். இவ்வளவும் செய்து பாதிதான் வரும், மிச்சம் தார் மாதிரிக் கருகிப்போயிடும். அந்தத் தாரை எங்க போடுறது? நான் அங்க கேக்கிற கேள்வி அதுதான். டிரெக்டருக்கு என்னைக் கண்டாலே தலையிடி."

"எங்களுக்கும்தான் மிஸ்."

சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம். மேல்வரிசைப் பல் ஒன்று கொஞ்சம் திரும்பியிருக்கும்.

"வேற வழி இருக்கு முதலாளி. புரோமீன் உப்பாயும் இருக்கு. உப்புச் சாப்பிட்டு ஆரும் சாகிறேல்லத்தானே. அந்த உப்பைத் தண்ணியில கரைச்சு, அமிலத்தையும் போட்டு, கரண்ட் குடுத்தா, தேவையான புரோமீன் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும். வந்த கையோட வேலையை முடிச்சிடும். வால் வெறும் காத்தாக் குமிழ் விட்டுப் போகும். வெள்ளியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

"வெள்ளி வேணாம்னா அப்புறம் நான் எதுக்கு?"

"அதுதான். நீங்க எனக்குத் தேவைப்படாம இருக்கிறதுக்கு ஒரு தொட்டி கட்டித் தாங்கோ."

இப்படி ஒருத்தர் கேட்டால் எந்தப் பட்டறைக்காரன் கட்டுவான்? நான் கட்டினேன். கண்ணாடித் தொட்டி, கரித் தகடு இரண்டு, என் ரெக்டிஃபயரிலிருந்து ஓர் இணைப்பு. முலாம் வேலையில் எனக்கு வேகம்தான் பெயர் வாங்கித் தந்தது. அந்தப் பெருமையில் முதல் தடவை கரண்டை அள்ளிக் கொடுத்தேன். தொட்டி செங்கல் நிறத்துக்கு மாறி, மூக்கைப் பிய்க்கிற நாற்றம் எழும்பியது. எல்லோரும் வாசலுக்கு ஓடினோம்.

மிஸ் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பசிக்குது எண்டு சொன்னதுக்கு, அண்டாவோட தலையில கவிட்டிட்டீங்களே முதலாளி" என்றார்.

பிறகு கரண்டைக் குறைத்து, உப்பை மாற்றி, அவர் சொன்னபடி செய்தபோது சின்னத் தொட்டியில் வேலை நடந்தது. தகட்டில் குமிழ் கிளம்பியது. அந்தக் குமிழையும் அவர் சும்மா விடவில்லை. ஒரு குழாயைப் பொருத்தி, சுண்ணாம்புத் தண்ணீர் இருந்த ஜாம் போத்தலுக்குள் விட்டார். தெளிந்த தண்ணீர் பாலாக மாறியது.

"வெறுங்காத்து மிஸ் அது. அதையுமா புடிச்சு வைக்கிறீங்க?"

"வெறுங்காத்து இல்லை, காபனீரொட்சைட்டு. கழண்ட வால். சுண்ணாம்போட சேர்ந்து வெள்ளைத் தூளா அடியில இருக்கும்."

"இருந்து என்னா ஆகப்போகுது?"

அவர் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"எங்கட வீட்டில என்ர தம்பி ஒருநாள் பின்னேரம் வெளிய போனவன். சைக்கிளுக்குக் காத்து அடிச்சுக்கொண்டு வாறன் எண்டு. எங்க போனான் எண்டு இண்டைவரைக்கும் தெரியாது. அதுக்குப் பிறகு இது ஒரு பழக்கமாப் போச்சு, முதலாளி."

சுனிலுக்குத் தமிழ் அரைகுறைதான். ஆனாலும் அவன் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்துவிட்டான். மிஸ் போத்தலை மூடி, மேலே துண்டுத்தாள் ஒட்டி, கூடைக்குள் வைத்தார். "உங்கட பிள்ளைகள் எங்க?" என்று கேட்டார்.

"மகன் கட்டார்ல. மக டொரொண்டோவில."

"கதைக்கினமோ?"

"தீபாவளிக்குப் பேசுவாங்க. பொங்கலுக்கும்."

"எங்க இருக்கினம் எண்டு தெரியுதே. அது காணும்."

காணாது, போதவே போதாது என்று எனக்குத் தெரியும். அவருக்கு ஒரு பிளேன் டீ ஊற்றிக் கொடுத்தேன்.

சின்னத் தொட்டியில் நடந்தது பெரிய தொட்டியில் நடக்கவில்லை. அந்த நேரம் பார்த்து வெளிநாட்டிலிருந்து சவர்க்காரக் கம்பனி ஒன்று ஆய்வுகூடத்தோடு பேசத் தொடங்கியிருந்தது. டிரெக்டர் சொல்லிவிட்டார்: வாளி அளவுத் தொட்டியில் இடையில் நிற்காமல் ஓடிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பழையபடி வெள்ளி, புரோமீன், தார்தான். அதோடு இந்த உப்புத்தண்ணீர் விளையாட்டை மூடிவிட வேண்டும். கரண்ட் வெட்டும் டீசல் தட்டுப்பாடும் நாட்டையே பிடித்திருந்த காலம். ஆய்வுகூடத்தில் ஜெனரேட்டர் சும்மா நின்றது. பஸ் பட்டரி வைத்திருந்தவன் நான்தான். மிஸ் வெள்ளவத்தையில் ரயில் ஏறி, கோட்டையில் இறங்கி, அந்தக் கூடையோடு நடந்தே கொட்டாஞ்சேனைக்கு வந்தார்.

காலையில் தொட்டியை ஓட விட்டோம். கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது. பிறகு மீற்றர் முள் இறங்கத் தொடங்கியது. தகட்டின் மேல் மெல்லிய பிசின் படிந்து கரண்டை மறித்தது. நிறுத்தி, தகட்டைக் கழற்றித் துடைத்து மாட்டினோம். திரும்பவும் முள் இறங்கியது. மத்தியானம் டிரெக்டர் போனில் கூப்பிட்டார். மிஸ் "ஓம் சேர்... இன்னும் இல்லை சேர்..." என்று மட்டும் சொன்னார். போனை வைத்துவிட்டுக் கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்தார். கைகள் மடியில். அந்த ஒரு நாள்தான் அவர் எதுவும் எங்கே போகிறது என்று கேட்காமல் இருந்தார்.

எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. முலாம் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பொருளைத் தொட்டியில் தொங்க விட்டதும் முதலில் கரண்டைத் தலைகீழாக ஓட விடுவோம். அதன் மேலிருக்கும் அழுக்கு உரிந்து போகும். பிறகு சுவிட்சைத் திருப்பிப் பூசத் தொடங்குவோம். என் ரெக்டிஃபயரில் அதற்கென்றே ரிவர்ஸ் சுவிட்ச் ஒன்று நானே வைத்துக் கட்டியது. முள் மறுபடி இறங்கியபோது என் கை நேராக அதற்குப் போனது.

"முதலாளி! என்ன செய்யிறீங்க!" மிஸ் பாய்ந்து வந்து என் மணிக்கட்டில் மரக்கரண்டியால் அடித்தார். நல்ல அடி. "எல்லாம் தலைகீழாப் போகப்போகுது!"

நான் பயந்து சுவிட்சைப் பழையபடி திருப்பினேன். தகட்டிலிருந்து பிசின் சிராய் சிராயாக உரிந்து இறங்கியது. மீற்றர் முள் எழும்பி, காலையில் நின்ற இடத்தில் வந்து நின்றது.

மிஸ் முள்ளைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"திருப்பிச் செய்யுங்கோ."

"அடிப்பீங்களே?"

"செய்யுங்கோ எண்டிறன்."

அதன்பிறகு நான் சுவிட்ச், அவர் கடிகாரம். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும், எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும் என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். பிசின் ஏன் உரிகிறது, மற்ற வேலை ஏன் கெடவில்லை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அதில் நான் பங்கு கேட்கவில்லை. ஆனால் சுவிட்சுக்குப் போனது என் கை. சுவிட்சைக் கட்டியதும் இதே கை.

பொழுது சாய்வதற்குள், ஆண்டாண்டு காலமாய் அமில நாற்றம் மட்டுமே தெரிந்த என் பட்டறை பூத்தோட்டமாக மணந்தது. எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "முதலாளிக்கு ரெண்டாம் கலியாணமா?" என்று கேட்டார். மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். திரும்பிய பல் தெரிந்தது.

ஆய்வுகூடம் வெள்ளியை விட்டது. சேறு வருவது நின்றது. மிஸ் வருவதும் நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. கூடையில் ஒன்றுமில்லாமலே வந்து, பெட்டியில் உட்கார்ந்து, பிளேன் டீ குடித்துவிட்டுப் போவார். நாங்கள் அதிகம் பேசியதில்லை. இரண்டு பேருக்கும் வீட்டில் பேச ஆளில்லை. அந்தப் பழக்கம் வெளியிலும் ஒட்டிக்கொண்டது.

பிறகு நோர்வேயிலிருந்து பெறாமகள், அக்கா முறையில் ஒருத்தியின் மகள், கூப்பிட்டாள் என்று போனார். போகிற அன்று அந்த வெள்ளைத் தூள் போத்தலை என் மேசையில் வைத்தார். "கழண்ட வால். உங்களிட்ட இருக்கட்டும்" என்றார். அங்கே இறங்கிய அன்றே போன் எடுத்தார்.

"முதலாளி, நான் வந்து சேர்ந்திட்டன். ஜன்னலால பார்த்தா பனியும் ஒரு மரமும்தான் தெரியுது. குப்பையை நிறம் நிறமாப் பிரிச்சுப் போடுகினம். நல்ல சனம்."

ஒவ்வொரு ஞாயிறும் எடுத்தார். கடைசியில் எப்போதும் ஒரே கேள்வி: "இப்ப எங்க நிக்கிறீங்க?"

"பட்டறையிலதான் மிஸ்."

"சரி. அப்ப நல்லது."

ஒருநாள் குனிந்து தகடு மாட்டும்போது, சட்டைப் பையில் இருந்த என் போன் செம்புத் தொட்டிக்குள் விழுந்தது. எடுத்தபோது அழகாக முலாம் ஏறியிருந்தது. அவர் இலக்கம் அதற்குள்தான் இருந்தது. சிம் சுனிலின் பெயரில் எடுத்தது. அவன் அதற்கு முன்பே கொரியாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். அவனைப் பிடித்துக் கேட்பதற்குள் அந்த இலக்கம் ரத்தாகிவிட்டது. அதே ஆண்டு பட்டறைக் கட்டடத்தின் சொந்தக்காரர் அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு அதை விற்றார். நான் ஹெந்தளைக்கு மாறினேன். பட்டறையில் இருக்கிறேன் என்று அவருக்குச் சொல்லியிருந்த பட்டறை இப்போது இல்லை. அந்த இடத்தில் ஒரு குழி இருக்கிறது. சுற்றித் தகரம் அடித்திருக்கிறார்கள்.

வெள்ளவத்தைக்குப் போனேன். அந்த மாடியில் வேறு குடும்பம். "முந்தி இருந்தவ எங்கயெண்டு எங்களுக்குத் தெரியாது ஐயா" என்றார்கள். இரத்மலானைக்குப் போனேன். டிரெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். மிஸ்ஸுக்கு அவர் அனுப்புகிற ஈமெயிலும் கொஞ்ச காலமாகத் திரும்பி வருகிறதாம். போகும்போது அந்தக் கட்டுரையைக் கையில் தந்தார். மிஸ்ஸின் பெயர் முதலாவதாக இருக்கிறது. அது சரி. தலைகீழாய்க் கரண்ட் ஓட விடுவதைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது என்று அங்கிருந்த பிள்ளை ஒருத்தி வாசித்துச் சொன்னாள். கடைசியில் "ஒரு உள்ளூர்ப் பட்டறை."

"என் பேரு எங்க சேர்?" என்று கேட்டேன்.

"அச்சாகிட்டுது ஐயா. இனித் திருத்தம் போடுறது பெரிய வேலை."

பெரிய வேலையா? தெமட்டகொடை டிரான்ஸ்ஃபோமரை நான் தள்ளுவண்டியில் கொண்டுவந்தேன். அது பெரிய வேலை.

டிரெக்டர் ஐயாவுக்கும், அந்தக் கட்டுரையில் பெயர் உள்ள மற்றப் பெரியவர்களுக்கும் எழுதுகிறேன். உலகத்தில் எவர் எங்கே இந்த வாலைக் கழற்றி எழுதினாலும் மிஸ் தேடிப் படிக்கிறவர். உங்கள் கட்டுரையையும் ஒருநாள் படிப்பார். அதற்கு முன் என் பழைய இலக்கத்துக்கு எத்தனை ஞாயிறு அடித்துப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. "ஒரு உள்ளூர்ப் பட்டறை" என்று கண்டால், அது எங்கே போனது என்று அவர் நினைக்கத் தொடங்குவார். ஏற்கனவே ஒருவனை அப்படி நினைத்துக்கொண்டிருப்பவர் அவர். இன்னொருவனாக நான் இருக்க மாட்டேன்.

ஆகவே திருத்தம் போடுங்கள். ரிவர்ஸ் சுவிட்சைக் கட்டியவன், அதை முதலில் திருப்பியவன் இன்னான் என்று என் முழுப் பெயரையும் போடுங்கள். அது என் பங்கு. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பக்கத்திலேயே, கொட்டாஞ்சேனையில் இருந்தவர் இப்போது ஹெந்தளையில் கால்வாய்க்கரையில் பட்டறை வைத்திருக்கிறார் என்றும் போடுங்கள். என் பெயரில் எழுத்துப் பிழை விட்டாலும் பொறுத்துக்கொள்வேன். இடத்தில் மட்டும் பிழை விடாதீர்கள்.